தெருவுக்கு வந்த கடை

காலை ஐந்து நாற்பதுக்கு எழுவேன். ஹீட்டர் ஸ்விட்சைப் போடுவேன். பால் பாக்கெட்டின் மூலையை வெட்டுவேன். வெட்டிய துண்டு குப்பையில் விழ வேண்டும், சிங்க்கில் விழக் கூடாது. அது என் மனைவி போட்ட சட்டம். டீ இரண்டு டம்ளர், ஒன்று எனக்கு, ஒன்று அத்தைக்கு. அத்தை அவளுடைய அம்மா. மகள் இறந்த வாரம் ஒரு பையோடு வந்தார். பையைப் பிரிக்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

“மாப்பிள்ளை, பால் பொங்குது.”

“பார்த்துட்டேன் அத்தை.”

“பார்த்துக்கிட்டே நின்னா அடங்கிருமா?”

அணைப்பேன். சவரம், குளியல், இரண்டு துண்டு ரொட்டி. பையில் டார்ச், டெஸ்டர், டேப், கிரீஸ் துடைக்கிற துணி. நான் லிஃப்ட் பரிசோதகன். கயிறு, பிரேக், கதவு பார்த்துப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஏழு பத்துக்குப் பூட்டைப் பூட்டி ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். அவள் மூன்று தடவை இழுப்பாள்.

வேலைக்கு முன் கடைக்குப் போவேன். படியைப் பெருக்கி, ஐந்து புத்தகங்களுக்கு அட்டை போட்டுவிட்டு எட்டரைக்குக் கிளம்புவேன். அவள் போன பிறகு எட்டு மாதம் இப்படித்தான் நடந்தது.

கடை மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதனால் கடையில் என் பெயர் லிஃப்ட். ஆணை விரும்புகிற ஆண்கள், பெண்ணை விரும்புகிற பெண்கள், பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததை ஒத்துக்கொள்ளாதவர்கள், இவர்கள் தேடி வருகிற புத்தகங்கள் அங்கே இருந்தன. வெளிப் பலகையில் ‘புத்தகங்கள்’ என்று மட்டும் இருக்கும். அதே மாடியில், எதிர்க் கதவு, ஒரு பல் டாக்டர். அவள் அந்த அறையைப் பிடித்ததே அவருக்காகத்தான். மூன்று மாடி ஏறுகிறவனை யாராவது பார்த்துவிட்டால் பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சிலர் கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டே ஏறுவார்கள்.

“எங்கிட்ட வர்றவனைவிட என் பேரைச் சொல்லி ஏறுறவன்தான் அதிகம்,” என்பார் டாக்டர். “ஊர்ல இத்தனை பல்வலி இருந்தா நான் எப்பவோ பங்களா கட்டியிருப்பேன்.”

கடையில் யாரும் யார் பெயரையும் கேட்கக் கூடாது. வருகிறவர்களுக்கு அவளே ஒரு பெயர் வைப்பாள், நோட்டில் அதைத்தான் எழுதுவாள். வாங்குகிற புத்தகத்துக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, முதுகில் ஒரு பொய்த் தலைப்பு எழுதிக் கொடுப்பாள். ‘வருமான வரி: வினா விடை.’ ‘மூல நோய்க்கு முப்பது வழிகள்.’ மூலம் என்று போட்டால் வீட்டில் எவனும் தொட மாட்டான் என்பது அவள் அனுபவம். ‘கோழி வளர்ப்பு, பாகம் இரண்டு’ என்று ஒரு பெண்ணுக்கு எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் அப்பா பாகம் ஒன்று எங்கே என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து பாகம் போடுவதை நிறுத்தினாள்.

வீட்டுக்கே கொண்டுபோக முடியாதவர்கள் உண்டு. அவர்கள் வாங்கிய புத்தகங்கள் கடையிலேயே ஒரு அலமாரியில் இருக்கும். வந்து, உட்கார்ந்து படித்துவிட்டு, அடையாளம் வைத்துவிட்டுப் போவார்கள். அதில் மூத்தவர் பல்வலி. பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா, இரண்டு பெண் பிள்ளைகள். வியாழக்கிழமை ஐந்தரைக்கு வருவார், ஆறரைக்குப் போவார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்காருவார். இறங்கும்போது வாயில் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொள்வார். பஞ்சை டாக்டர்தான் கொடுப்பார்.

கடையில் அவளுக்குப் பாதி, முதலாளிக்குப் பாதி. முதலாளி என்பதும் அவள் வைத்த பெயர்தான், கையில் ஒரு காலத்திலும் காசு நிற்காத பெண் என்பதால். கல்யாணமான பத்தாம் நாள் அவள் என்னிடம் சொன்னாள். “முதலாளியும் நானும் நாலு வருஷம் ஒண்ணா இருந்தோம். நானா விடல, விட வெச்சாங்க. உங்ககிட்ட மறைச்சுக்கிட்டு வாழ முடியாது, அதான் சொல்றேன்.” நான் சரி என்றேன். விட வைத்தது அத்தை. ஆறு வருஷத்தில் அதைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவில்லை. கடைக்கு அலமாரி அடித்துக் கொடுத்தது நான்தான்.

கட்டடத்தை இடிக்கப் போகிறோம், காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் வந்தபோது அவள் உயிரோடு இருந்தாள். இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று அவள் பார்த்தது. பக்கத்துக் கட்டடத்தில் இரண்டாவது மாடி, ஒரு காது மூக்கு டாக்டருக்கு அடுத்த அறை. “இனிமே எல்லாருக்கும் காதுவலி,” என்றாள். இன்னொன்று முதலாளி பார்த்தது. அடுத்த தெருவில் மூடிப் போன செருப்புக் கடை. தரைத் தளம், மூன்று மடங்கு இடம், முகப்பு முழுக்கக் கண்ணாடி. அதைப் பிடிக்க ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும். நான்கு மாதம் சண்டை.

“எத்தனை நாளைக்குடி கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டுப் படியேறுவாங்க? நாம என்ன திருட்டு மாலா விக்கிறோம்?”

“ஏறுறது நீ இல்ல. உன் வீட்ல யாரு இருக்கா, பார்த்துட்டு அடிக்கிறதுக்கு?”

“பயந்து பயந்தே சாகணுமா?”

“கண்ணாடிக்குள்ள உட்கார வெச்சு சாகடிக்கிறதுக்கு அது தேவலை.”

இப்படிப் பேசிவிட்டு இரண்டு பேரும் ஒரே டம்ளரில் டீ குடிப்பார்கள். நான் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருப்பேன்.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ரத்தத்தில் கிருமி என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஐந்தாவது மாடி, தீவிர சிகிச்சை. ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ். பாஸ் என் சட்டைப் பையில் இருந்தது. அதில் பெயர் கிடையாது, படுக்கை எண் மட்டும்தான். காவலாளி அட்டையைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். காலையில் அரை மணி நேரம் அத்தை வாங்கிக்கொண்டு மேலே போவார். மற்ற நேரம் நான். முதலாளி பதினோரு நாளும் தரைத் தளத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதே பெஞ்சில் அடுத்த முனையில் அத்தை. இருவருக்கும் நடுவில் அத்தையின் பை. ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

முதலாளி பாஸைக் கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை.

பதினோராம் நாள் பகல் மூன்று நாற்பதுக்கு அவள் போனாள். நான் கீழே இறங்கினேன். அந்த லிஃப்ட் ஐந்திலிருந்து தரைக்கு இருபத்தாறு நொடி. பெஞ்சில் இருவரும் எழுந்து நின்றார்கள்.

“கடைசியா என்ன சொன்னா மாப்பிள்ளை?”

“அம்மான்னா.”

அத்தை அப்படியே உட்கார்ந்தார். யாரோ தண்ணீர் கொடுக்கக் கூட்டிப் போனார்கள். முதலாளி என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“என்னைக் கேட்டாளா?”

“இல்ல.”

“எதுவுமே சொல்லலையா?”

“கடையைப் பத்திச் சொன்னா. தெருவுக்குக் கொண்டு வாங்கன்னா.”

எல்லாம் பொய். அத்தைக்குச் சொன்னது இரக்கத்தில். முதலாளிக்குச் சொன்னது இரக்கத்தில் இல்லை. அவளுக்குப் பிடித்த மாதிரி ஏதாவது சொன்னால் மேலே கேட்க மாட்டாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. என் சட்டைக் கையை விட்டாள்.

மூன்று மாதம் முதலாளி கடைக்கே வரவில்லை. வந்த அன்று காது மூக்கு டாக்டரின் பக்கத்து அறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். “அவ பிடிச்ச இடம், அவளுக்காக அதுக்கே போயிரலாம்னு இருந்தேன். அவளே மாத்திச் சொல்லிட்டா. இனிமே எனக்கு என்ன?” என்றாள். நான் பழுப்புத் தாளை மடித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடை படியேறியே இருந்திருக்கும். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படியானால் என்ன சொன்னாள் என்று.

நன்கொடைத் தாள் அச்சாகி வந்தது. மேலே அவள் சிரிக்கிற படம். கீழே மேற்கோள் குறிக்குள், ‘கடையைத் தெருவுக்குக் கொண்டு வாங்க.’ அதற்கும் கீழே, கடைசியாகச் சொன்னது. பல் டாக்டர் தாளைக் கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

“தெருவுக்குக் கொண்டு வாங்கன்னா சொன்னா? எங்க மாமனார் என்னைப் பார்த்து இதைத்தான் சொல்வாரு. ‘என் பொண்ணைத் தெருவுக்குக் கொண்டு வந்துட்டியே’ன்னு.”

முதலாளி சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணாடியில் பார்த்துப் பழகின சிரிப்பு, இப்போது தானாக வருகிறது.

திட்டம் எளிமையானது. புதுக் கடைக்கு இருநூற்று இருபது பலகை வேண்டும். பலகைக்கு ஒரு ஆள். கொடுத்தவர் சொல்கிற வார்த்தையைப் பலகையின் விளிம்பில் சுட்டுப் பொறித்து வைப்போம். சொந்தப் பெயர் போடலாம், கடைப் பெயர் போடலாம், காதலியின் பூனை பெயரும் போடலாம். போட்டார்கள்.

அந்த வியாழன் பல்வலி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“லிஃப்ட் சார், அவங்க நெசமாவே அப்படிச் சொன்னாங்களா?”

“ஏன்?”

“எங்கிட்ட வேற சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வியாழக்கிழமை. ‘காதுவலிக்குப் பழகிக்கோங்க, காதுல பஞ்சு வெச்சா இன்னும் பொருத்தமா இருக்கும்’னாங்க.”

“கடைசில மாத்திட்டா.”

அவர் பஞ்சை விரலில் உருட்டினார். “தெருவுல, கண்ணாடிக் கடையில... எனக்கு அது சரிப்படுமான்னு தெரியல. ஆனா அவங்க சொன்னா அதுல ஏதாவது இருக்கும். எனக்கும் ஒரு பலகை.”

நன்கொடைப் படிவம் ஒன்றைக் கொடுத்தேன், நிரப்பிப் பணத்தோடு அனுப்புவதாகச் சொல்லிப் போனார்.

அத்தைக்குத் தாள் கிடைத்தது என் சட்டைப் பையில், துவைக்கப் போடும்போது. நனையாத கையால் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

“இது என்ன மாப்பிள்ளை?”

“கடைக்கு அத்தை. இடம் மாத்துறாங்க.”

“கடைசியாச் சொன்னதுன்னு போட்டிருக்கு.”

தாளை வாங்கக் கையை நீட்டினேன், கொடுக்கவில்லை.

“எங்கிட்ட அம்மான்னு சொன்னதாச் சொன்னீங்க. மனுஷப் பிறவிக்குக் கடைசின்னா ஒண்ணுதான் இருக்கும். உங்க வீட்ல மட்டும் ரெண்டா?”

“அத்தை...”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க. எதுக்குள்ள எதை மறைக்கிறீங்கன்னுதான் தெரியல.”

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நடனப் பயிற்சிக் கூடம் ஒன்றை இரண்டு மணி நேரத்துக்கு இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். மூன்று சுவரிலும் கண்ணாடி. யார் கண்ணிலும் படாமல் வந்து போகவே பழகினவர்கள் அறுபது பேர், எந்தப் பக்கம் திரும்பினாலும் தங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பல்வலி கண்ணாடி இல்லாத சுவரோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் கதவருகில். கிளம்பும்போது அத்தை நல்ல புடவை கட்டிக்கொண்டு என்னோடு வந்துவிட்டார். என்னால் தடுக்க முடியவில்லை.

முதலாளி பேசினாள். நன்றாகப் பேசினாள். “நாலு மாசம் இதுக்காக அவகூடச் சண்டை போட்டேன். தோத்துட்டேன்னு நெனச்சேன். சாகும்போது எனக்காக விட்டுக் கொடுத்திருக்கா. நான் மேல இல்ல, கீழே பெஞ்சில இருந்தேன். லிஃப்ட் வந்து சொன்னார்.”

கைதட்டினார்கள். முதல் வரிசையில் அத்தை எழுந்தார்.

“நான் அவளைப் பெத்தவ.”

கூடம் அடங்கியது.

“நீங்க எல்லாரும் யாருன்னு எனக்குத் தெரியும். உங்களை எனக்குப் பிடிக்காது, அதை மறைக்கல. இந்தப் பொண்ணை என் வீட்டு வாசல்ல நிக்க வெச்சுக் கதவைச் சாத்தினது நான்தான். ஆனா என் பொண்ணு கடைசியாச் சொன்னது கடையை இல்ல. ‘அம்மா’ன்னு சொன்னா. மாப்பிள்ளை சொன்னாரு. அதை வெச்சுக்கிட்டுத்தான் நான் தூங்கி எந்திரிக்கிறேன். அதையும் எடுத்து அச்சடிச்சு வித்துராதீங்க.” திரும்பினார். “சொல்லுங்க மாப்பிள்ளை. எது?”

கண்ணாடியில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்புவதைப் பார்த்தேன். நேரில் ஒரு தடவை, கண்ணாடியில் மூன்று தடவை. முதலாளி கையில் தாளைப் பிடித்தபடி நின்றாள். அந்த நிமிஷம் அவள் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. பயமும் இருந்தது. இது பொய் என்றால் தாளைக் கிழித்துவிட்டுக் காது மூக்கு டாக்டரிடமே ஓடிப் போய் அறையைக் கேட்பாள். அது எனக்குத் தெரியும். அந்த அறை அப்போதும் காலியாகத்தான் இருந்தது.

“ரெண்டும் சொன்னா,” என்றேன். “கடையைச் சொன்னா. அப்புறம் அம்மான்னா.”

யாரோ அழுதார்கள். பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசைப் பெண் ஒருத்தி ஓடி வந்து அத்தையைக் கட்டிப் பிடித்தாள். அத்தை மரம் போல நின்றார், ஆனால் தள்ளிவிடவில்லை. அன்றைக்கே மிச்சமிருந்த பலகைகள் எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்தது.

வெளியே படிக்கட்டில் முதலாளி என்னை நிறுத்தினாள்.

“லிஃப்ட், நீங்க ரெண்டு பேருக்கும் தனித்தனியாச் சொல்லியிருக்கீங்க. அம்மாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.”

“ஆமா.”

“ஆளுக்கு என்ன வேணுமோ அதைக் கொடுத்த மாதிரி இருக்கே.”

“ரெண்டும் சொன்னா.”

“நீங்க யாருக்கும் பொய் சொல்ற ஆள் இல்லைன்னு அவ சொல்வா. ‘அவருக்குப் பொய் வராது, பேச்சே வராது’ன்னு.” கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். “எனக்கு இந்தக் கடை, கண்ணாடி, ஒண்ணும் முக்கியமில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். என்னைக் கேட்டாளா, இல்லையா?”

“இல்ல.”

“சரி,” என்றாள். அதன் பிறகு அந்தக் கேள்வியை வெகுநாள் கேட்கவில்லை.

பலகைப் பட்டியலைத் தட்டச்சு செய்து தச்சரிடம் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. நான் பிசகில்லாமல் செய்வேன் என்று முதலாளி நம்பினாள். நன்கொடைப் படிவத்தில் இரண்டு கட்டம். பணம் அனுப்பியவர் பெயர். பலகையில் எழுத வேண்டியது. மூன்று படிவங்களில் இரண்டாவது கட்டம் காலியாக இருந்தது. என் வேலையில் கட்டம் காலியாக இருந்தால் படிவம் திரும்பி வரும். முதல் கட்டத்தில் இருந்ததையே இரண்டாவதிலும் அடித்தேன்.

ஏன் காலியாக விட்டார்கள் என்று நான் யோசிக்கவில்லை. அந்தக் கடையில் யாரும் தன் கடைப் பெயரைத் தானே எழுதினது கிடையாது. அவள் வைப்பாள், அவளே எழுதுவாள். அவர்கள் அந்தப் பழக்கத்தில் விட்டிருந்தார்கள். கடைக்குத் தெரியும், கடை எழுதிக்கொள்ளும் என்று.

ஒரு சனிக்கிழமை கடை திறந்தது. செருப்புக் கடையின் வாடை போக இரண்டு தடவை வெள்ளையடித்திருந்தோம். உள்சுவரில் அவள் வாக்கியம் ஆள் உயரத்துக்கு. ஐம்பது பேர் தெருவில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சில பேர் முதல் தடவையாகப் பட்டப்பகலில் கை கோத்து நின்றார்கள். அது நிஜம், அதை நான் மறுக்கவில்லை. இரண்டு பேர் பலகையில் தங்கள் முழுப் பெயரைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். பிறகு சிரித்தார்கள். பலகையைத் திருப்பிப் போட்டோம். மூன்றாவது பலகை முகப்பு அலமாரியில், கண்ணாடியை ஒட்டி இருந்தது. விளிம்பு தெருவைப் பார்த்திருந்தது. உள்ளே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த வியாழன் பல்வலி வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. புது இடம், கூச்சமாக இருக்கும் என்றாள் முதலாளி. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார அவருக்காக ஒரு ஸ்டூலை உள்மூலையில் போட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பல் டாக்டர் வந்தார். காது மூக்கு டாக்டருக்குப் பக்கத்து அறையை இப்போது அவர் பிடித்திருந்தார். வழக்கமான கிண்டல் இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நேத்து உங்க பல்வலி எங்கிட்ட வந்தான்.”

“பஞ்சுக்கா?”

“நாலு வருஷத்துல முதல் தடவையா நெசமாவே வந்தான் தம்பி. முன்பல் ரெண்டும் இல்ல. மூணாவது ஆடுது.”

முதலாளி உள்ளிருந்து வந்து நின்றாள்.

“யார் அடிச்சான்னு கேட்டேன். படியில விழுந்தேங்கிறான். எந்தப் படியிலடா? இப்பத்தான் படியே இல்லையேன்னேன். பேசல. கட்டுப் போட்டு முடிச்சப்புறம் எழுதிக் காட்டினான். மச்சான் பஸ்ல போகும்போது பார்த்தானாம். உங்க கண்ணாடியில இவன் பேரு இருக்காமே? அப்பா பேரோட, முழுசா?”

மூவரும் தெருவுக்கு இறங்கினோம். இருந்தது. நல்ல எழுத்து, தச்சர் ரசித்துச் சுட்டிருந்தார். பஸ் நிறுத்தம் நேர் எதிரே.

“வேலையில?” என்று கேட்டாள் முதலாளி.

“அங்கேயும் போய்ச் சொல்லியாச்சு. பொண்ணுங்களைப் பார்க்க விடல. எங்கேயோ ஒரு ரூம்ல இருக்கான். எங்கேன்னு சொல்லல.” டாக்டர் பையிலிருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தார். ஒரு தாள், மடித்தது. “இதை உங்ககிட்ட கொடுக்கச் சொன்னான்.”

பிரித்தேன். அலுவலகக் குமாஸ்தாவின் சீரான கையெழுத்து. ‘லிஃப்ட் சார், என் ஆறு புத்தகங்களை வேறு யாருக்காவது கொடுத்துவிடவும். யார் மேலும் கோபம் இல்லை. அம்மா சொன்னதால்தான் பலகை எடுத்தேன்.’ அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

டாக்டர் போய்விட்டார். முதலாளி ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் பலகையைக் கழற்றினாள். தரையில் போட்டு, முன்னால் குந்தி உட்கார்ந்து, உப்புத்தாளால் எழுத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். கண்ணாடிக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆழமா சுட்டிருக்கான்,” என்றாள். “போகாது.”

இன்னும் தேய்த்தாள். விரல் நுனி சிவந்து தூள் ஒட்டியிருந்தது.

“பட்டியல் நான்தான் அடிச்சேன்,” என்றேன்.

“தெரியும்.”

“கட்டம் காலியா இருந்தது.”

“தெரியும் லிஃப்ட்.” நிமிரவில்லை. “அவ இதுக்குத்தான் பயந்தா. வார்த்தைக்கு வார்த்தை இதைத்தான் சொன்னா. கண்ணாடிக்குள்ள உட்கார வெச்சு சாகடிக்கிறதுன்னா. நாலு மாசம் எங்கிட்ட மல்லுக்கட்டினவ, படுக்கையில கெடந்துக்கிட்டு எப்படி மாறுவா? எனக்காகவா? என்னை ஒரு வார்த்தை கேக்காதவ எனக்காக எதுக்கு மாறணும்?”

நான் துணியைப் பிழிந்தேன்.

“நான் நச்சரிச்சு நச்சரிச்சு அவளைச் சொல்ல வெச்சுட்டேன். சாகுறப்பக்கூட என் நச்சரிப்புதான் அவ காதுல இருந்திருக்கு. அதான் என்னைப் பார்க்கக் கேக்கல. பதினோரு நாள் யோசிச்சேன் பெஞ்சில, ஏன் கூப்பிடல, ஏன் கூப்பிடலன்னு. இப்பப் புரியுது.” உப்புத்தாள் கிழிந்தது. கிழிந்த துண்டாலேயே தேய்த்தாள். “சாவியை உங்ககிட்ட கொடுத்துடறேன். என்னால இனிமே இதுக்குள்ள நிக்க முடியாது.”

உள்சுவரில் வாக்கியம் இருந்தது. அவள் தலைக்கு மேலேதான்.

“ரெண்டரைக்குச் சொன்னா,” என்றேன்.

“என்ன?”

“அவ பேசினது ரெண்டரைக்கு. போனது மூணு நாப்பதுக்கு. நடுவுல ஒரு மணி பத்து நிமிஷம் இருந்தது. அதுல அவ வேற எதுவும் பேசல. கண்ணு மட்டும் கதவைப் பார்த்துக்கிட்டே இருந்தது.”

முதலாளி தேய்ப்பதை நிறுத்தினாள்.

“பாஸ் என் பையில இருந்தது. நீங்க கீழே இருந்தீங்க. லிஃப்ட் ஓடிச்சு.”

“என்ன சொன்னா?”

லிஃப்ட் படிவத்தைப் படிப்பது போலத்தான் சொன்னேன். அன்று ஆஸ்பத்திரியில் என் மனைவியின் கை என் கையில் இருந்தது. கண்ணைத் திறந்து, பிடித்திருப்பது யார் என்று பார்த்தாள். நான் என்று தெரிந்ததும் விரல்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டாள். கோபமில்லை. எப்போதும் போல மரியாதையாகத்தான் சொன்னாள்.

“நீங்க இல்லங்க. முதலாளியை வரச் சொல்லுங்க.”